விட்டு வைத்த நூல்கள்

அடுத்த அறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. சாப்பாட்டு மேசை காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் குருவிக்குப் பகீரென்றது. கீச்சுக் குரலுக்காக வீட்டில் வைத்த பெயர் அது.

"அப்பா, எதிர் வீட்டு அத்தையோட சால்வை எங்க?"

"ஓரத்துல நூல் தொங்குதாம். உங்கம்மா மடிச்சுத் தைச்சுத் தரப் போறாளாம்" என்றார் பஸ் ஓட்டும் அப்பா.

குருவி ஓடினாள்.

அம்மா தையல்காரி. அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு பாஷை. ஒருநாள் எதிர் வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்து, அந்த வீட்டுக்காரி காதுபடவே, "அய்யே, என்ன கலர் இது!" என்றுவிட்டாள் குருவி. அம்மா கூனிக் குறுகிப் போனாள். அன்று பிறந்ததுதான் இந்த வழக்கம். வாரம் ஒரு வீட்டில் ஒரு பொருளை அம்மா இரவல் வாங்கி வந்து மேசை நடுவில் வைப்பாள். 'நல்லாருக்கு', 'நல்லால்ல' இரண்டுமே சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். "இன்னிக்கு என்ன கண்காட்சி? டிக்கெட் உண்டா?" என்று கிண்டலடித்தபடியே அப்பாவும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த வாரம், எதிர் வீட்டுக்காரியின் அம்மா சாவதற்கு முன் நெய்த சால்வை.

"அம்மா, நிறுத்து!"

பாதி ஓரம் மடித்துத் தைத்தாகிவிட்டது. பக்கத்தில் கத்தரிக்கோல்.

"பிரிஞ்சு கிடந்துச்சுடி. இரவல் வாங்கினத அப்படியேவா திருப்பிக் குடுக்கறது?"

"பிரியலம்மா, விட்டு வச்சிருக்காங்க. முடிச்சப் பாரு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அலை மாதிரி போகுது."

அம்மா குனிந்தாள். வெறும் நூலாகத் தொங்கியது அலை அலையாக எழுந்து வந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே பயமும் வந்தது. இனி எந்த வீடு நம்மை நம்பி ஒரு பொருளைக் கொடுக்கும்?

அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டுக்காரியேதான்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்று அம்மா சால்வையை நீட்டினாள்.

எதிர் வீட்டுக்காரியின் விரல் தையலைத் தடவிக்கொண்டே போய் நின்றது. முகம் வெளுத்தது.

"அத்தை, அம்மா வெட்டல. தையலப் பிரிச்சா அலை திரும்ப வந்துடும்" என்று கெஞ்சினாள் குருவி.

"அலையா?" அவள் நிமிர்ந்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. தெரியுதே!"

"எங்க ஊர்ல கடல். அம்மா அதத்தான்..." தைக்காமல் மிஞ்சிய நூல்களை அவள் விரலால் வருடினாள்.

பார்த்தே இராத ஒருத்தியின் மனதை, புரியாத பாஷைக்காரியின் கடலை, தன் வயிற்றில் பிறந்தது படித்துவிட்டதே! அம்மாவுக்குக் கண் நிறைந்தது. ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். எதிர் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து நூல்களை நீவிவிட்டாள்.

சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

"குருவி, அடுத்த வாரம் அந்தத் திரைச்சீலையக் கொண்டு வரவா?"

குருவி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "கொண்டு வாங்க அத்தை. இந்தத் தடவ ஒழுங்காப் பாக்கறேன்."

அவள் சிரித்தபடியே போனாள். அம்மா சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.