ஜன்னல் கரியில் கூண்டு இல்லை

கரியணுக்கள் ஒன்றுகூடிப் பந்துபோலக் கூண்டு கட்டும். அறுபது அணு சேர்ந்தால் கூண்டு திடமாக நிற்கும். முப்பதுக்குக் கீழே போனால் வளைவு அதிகம், ஆயுசு குறைவு. உள்ளே ஓர் உலோக அணுவை அடைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இந்தக் குட்டிக் கூண்டுகள் எப்படி உருவாகின்றன? துண்டு துண்டான கரிச் சங்கிலிகள் சேர்ந்து மூடிக்கொள்கின்றனவா, இல்லை பெரிய கூண்டு அணுக்களை உதிர்த்து உதிர்த்துச் சிறுக்கிறதா? இதைக் கண்டுபிடிக்கத்தான், அனல்மின் நிலையப் புகை படியும் எண்ணூரில் பிறந்த நான், கரியைத் தேடித் தினமும் இரண்டு பஸ் மாறி ஆய்வகத்துக்குப் போனேன். கொழுப்பு, வேறென்ன.

ஹீலியம் வாயுவுக்குள் இரண்டு கரிக்கம்பிகளுக்கு நடுவே மின்பொறி விட்டு, படிந்த புகைக்கரியை வழித்து, மூன்று மாதத்தில் ஒரு சின்ன பாட்டில் சேர்த்திருந்தேன். அதில் குட்டிக் கூண்டு தெரிந்தால்தான் என் ஆராய்ச்சியை நீட்டிக்கக் கையெழுத்து என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். பொங்கல் விடுமுறையில் ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று பாட்டிலைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

விடுமுறை முடிந்து சோதித்தால், மருந்துக்குக்கூட ஒரு கூண்டு இல்லை. கந்தகம், இரும்பு, நிலக்கரிச் சாம்பல் என்று வேறு கூட்டமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது.

“எந்தக் குப்பைமேட்டுல அள்ளினம்மா இதை? மாஸ்க் போடாம மூடியைத் திறக்காதே, நுரையீரலுக்கு ஆகாது” என்றார் பேராசிரியர். கையெழுத்து போடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

“அதுவா? போகிக்கு வூட்டக் கழுவசொல்லோ அதையும் கழுவி வெச்சேன். உள்ள ஒரே கலீஜா இருந்திச்சி. அப்பால, நீ வந்து கத்துவியேன்னு என் கட்டிலாண்ட கீற ஜன்னல்ல வழிச்சு ரொப்பிட்டேன். உனக்கு மூணு மாசம் ஆச்சு, எனக்கு ரெண்டே நாளு!”

பெருமை வேறு. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு திறக்கச் சொன்னதை அம்மா வெறுங்கையால் வழித்திருக்கிறாள். அந்த ஜன்னல் பக்கம்தான் வருஷக்கணக்காகத் தலைவைத்துப் படுக்கிறாள். மூன்று மாத உழைப்பும் கையெழுத்தும் மனசைவிட்டுப் போன இடம் தெரியவில்லை.

“இன்னாடி பேந்தப் பேந்த முழிக்கிற? பத்தலையா?” என்றாள் அம்மா. “இரு, நாளன்னிக்குள்ள இன்னொரு பாட்டில் ரொப்பித் தரேன்.”