மலையக்கா மெலிந்த கதை

மீன் மார்க்கெட்டில் அவளை எல்லோரும் மலையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் நீளத்துக்கு இருக்கும் மீனை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கட்டையில் போட்டு, ஒரே வெட்டில் தலையைத் துண்டாக்குவாள். பக்கத்தில் நிற்பவர் முகமெல்லாம் ரத்தம் தெறிக்கும். "துடைச்சுக்கோங்க, இதுக்குத் தனியா காசு வேணாம்" என்பாள். அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செதில் உரிப்பவர் அவள் புருஷன். ஒல்லி. அவருக்கு நூல் என்று பெயர்.

அவர்கள் வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த அவளுடைய மாமியாரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போனேன். தினமும் மதியம் போய்க் கிழவியைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டு வருவேன். கிழவிக்குப் பாதி உடம்பு விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் விழவில்லை.

வருஷக்கணக்காக ஈரத் தரையில் நின்றதில் மலையக்காவின் முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. மாற்று முட்டி வைக்கலாம், ஆனால் எடை குறையாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். நிற்க முடியாதவளுக்குக் கட்டை கிடையாது என்று மார்க்கெட் முதலாளி சொல்லிவிட்டார். ஆக, மெலிந்தால்தான் பிழைப்பு.

பசியை அடக்க ஒரு மாத்திரையை இன்னொரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். எழுந்ததும் ஒன்று போட வேண்டும். படபடப்போ தூக்கமின்மையோ வந்தால் நிறுத்திவிட்டு வர வேண்டும். பிரஷர் பார்க்க வாரா வாரம் வர வேண்டும். இதெல்லாம் அவர் தெளிவாகச் சொன்னதுதான். முதல் வாரம் போனாள். அப்புறம் சரக்கு அதிகம், கூட்டம் அதிகம் என்று போகவில்லை.

எடை இறங்கியது. ரவிக்கை தொளதொளவென்று ஆனது. எல்லோரும் மெச்சினார்கள். மார்க்கெட்காரிகள் இருட்டிலேயே எழுந்து போய், மதியம் வந்து படுத்து, சாயங்காலம் எழுந்து வீட்டு வேலை முடித்து மறுபடி படுப்பார்கள். இவள் படுப்பாள், எழுவாள். நடுவில் தூங்கினாளா என்பது வேறு விஷயம். நான் போகும்போது சில நாள் தரையை ரத்தம் வரத் தேய்த்துக்கொண்டிருப்பாள். ரத்தம் தரையிலிருந்து அல்ல, அவள் விரல் கணுக்களிலிருந்து.

முதல் அடி ஐஸ்காரனுக்கு விழுந்தது. தினமும் அவளைச் சீண்டுகிறவன்தான். "என்னக்கா, மலை இப்ப வெறும் மேடாயிடுச்சே" என்றான். பழைய மலையக்காவாக இருந்தால் சிரித்துவிட்டு அவன் அப்பனைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாள். இவள் கையிலிருந்த மீனின் வாலைப் பிடித்து அவன் வாயிலேயே அறைந்தாள். முன்பல் இரண்டு போயின. விழுந்தவனை ஐஸ் பெட்டி மூடியால் மறுபடி மறுபடி அடித்தாள். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். இழுத்தவர்களில் ஒருத்தியின் காது கிழிந்தது.

அடுத்த நாள் நூலின் உதடு பிளந்திருந்தது. கன்னத்தில் வட்டமாக ஒரு காயம்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"எந்தக் கதவு மோதிரம் போட்டிருக்கு?" என்றேன்.

கட்டிலிலிருந்து கிழவி, "அவன் சின்ன வயசுலேர்ந்தே கதவைப் பார்த்து நடக்க மாட்டான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நர்ஸம்மா, நேத்து என் சோத்துத் தட்டைச் சுவத்துல அடிச்சா. நான் விஷம் வைக்கிறேனாம். எனக்கு எந்திரிக்கவே முடியாது, நான் எங்கே போய் விஷம் வாங்க?" என்றாள்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று நூலிடம் சொன்னேன்.

"ஆபரேஷன் ஆகட்டும், சரியாயிடும். இன்னும் கொஞ்சம்தான் குறையணும்" என்றார்.

அந்தக் கொஞ்சம் குறைவதற்குள் நடந்தது இது. மதியம். கிழவியைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்திக் குளிப்பாட்டி, கட்டிலில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். நூல் வாசற்படியில் நின்றார். மலையக்கா படுக்கையிலிருந்து எழுந்து வந்தாள். கையில் மார்க்கெட் வெட்டுக்கத்தி. கண் இரண்டும் குழிக்குள் போய், கருவிழி விரிந்து கிடந்தது.

"என் கட்டையை ஐஸ்காரனுக்குக் கொடுக்கச் சொல்லி முதலாளிகிட்ட பேசினியா?" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் புருஷனை 'நீங்க' என்று தவிர வேறு சொல்லி நான் கேட்டதில்லை.

"யாரு சொன்னா? நான் ஏம்மா பேசறேன்? கத்தியைக் கீழ வை."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பேசறே. தினமும் கேக்குதுடா எனக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் சந்து. அவர் கையை நீட்டித் தடுத்தார். அவள் மீனை வெட்டுவதுபோலவே வெட்டினாள், தோளிலிருந்து, ஒரே வீச்சில். சுண்டு விரல் தரையில் விழுந்தது. பக்கத்து விரல் தோலில் தொங்கியது. அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து அவர் கழுத்துக்குக் கத்தியை ஓங்கினாள்.

முட்டி தேய்ந்தவளை எங்கே இடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காலிச் சக்கர நாற்காலியை முழு பலத்தோடு தள்ளி அவள் வலது முட்டியில் மோதினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தாள். கத்தி பிடித்த மணிக்கட்டில் ஏறி நின்றேன். இன்னொரு கையால் என் காலைப் பிறாண்டிக் கடித்தாள். கத்தியைக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளிவிட்டு, கிழவியைத் துடைத்த துண்டால் நூலின் கையை இறுக்கிக் கட்டினேன். கிழவி கட்டிலில் கிடந்தபடியே தெருவுக்குக் கேட்க ஆள் கூப்பிட்டாள். அன்றைக்கு அந்த நாக்கு உதவியது. ஆள் வந்து பிடித்துக்கொண்ட பிறகு மலையக்காவின் நாடியைத் தொட்டேன். எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

ஆஸ்பத்திரியில் கை காலைக் கட்டித்தான் ஊசி போட்டார்கள். நாடி இறங்கி, ஆளை அடையாளம் தெரிந்த பிறகு, பெண் டாக்டர் ஒருவர் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதை எப்படிம்மா போட்டீங்க?"

"சொன்ன மாதிரிதான். எழுந்ததும் ஒண்ணு. ஒரு நாள்கூட விடல."

"எத்தனை மணிக்கு எழுவீங்க?"

"எந்த வாட்டி?"

டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார்.

"மார்க்கெட்டுக்கு எழுவேன், ஒண்ணு போடுவேன். மதியம் படுத்து எழுவேன், ஒண்ணு போடுவேன்" என்றாள். பிறகு, "அவர் எங்கே? ஏன் என்னைக் கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். நான் சொன்னேன். வாந்தி எடுத்தாள்.

மாத்திரையை நிறுத்திய பிறகு சுவர் பேசுவது நின்றது. நூலுக்கு ஒரு விரல் போயிற்று, தைத்த இன்னொன்று மடங்கவில்லை. ஐஸ்காரன் போலீசுக்குப் போகவில்லை; மார்க்கெட்டே அவனை உட்காரவைத்துப் பேசியது. உடைந்த முட்டியில் கம்பி போட்டுக் கட்டினார்கள். மாற்று முட்டி பற்றிய பேச்சே எழவில்லை. இனி அவளால் நிற்க முடியாது என்பது முடிவாயிற்று.

நூல் ஒரு தச்சரைக் கூட்டிப்போய்க் கட்டையின் காலைப் பாதியாக அறுத்தார். உட்கார்ந்து வெட்ட ஒரு முக்காலி போட்டார். முதலாளி வந்து பார்த்துவிட்டுக் கட்டையை அவளுக்கே விட்டார். முன்பே செய்திருக்கலாம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் பழையபடி பருத்துவிட்டாள். மலையக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். செதிலும் அவளே உரிக்கிறாள். நூல் நின்றுகொண்டு எடை போடுகிறார், கட்டைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. துண்டுகளை எடுக்க அவர் குனிய வேண்டும். அவள் கத்தியைக் கட்டைமேல் வைத்து, கையை எடுத்து, மடியில் வைத்துக்கொள்கிறாள். அதன் பிறகுதான் குனிகிறார். கூட்டம் எவ்வளவு நெரித்தாலும், ஒவ்வொரு மீனுக்கும்.