நாகலூரில் எங்கள் குழம்புப் பொடி

காலை 7:10. சேலத்தில் ஏற்காடு பஸ் கிளம்பியது. முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்து இருக்கைக்காரர் ஐந்தாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிட்டார். நான் போவது சுற்றிப் பார்க்க அல்ல. ஈரோட்டில் ஒரு மசாலா கம்பெனியில் கவர் வரைவது என் வேலை. எங்கள் குழம்புப் பொடியைப் போலவே கள்ளச் சரக்கு கிளம்பியதால், ஒன்றரை வருடத்துக்கு முன் கவரை மாற்றினோம். மஞ்சள் கவரில் கரண்டி பிடித்திருந்த பெண்ணை எடுத்துவிட்டு, பச்சைக் கவரில் ஒரு கிண்ணமும் மினுங்கும் ஸ்டிக்கரும் வைத்தேன். அன்று முதல் சேர்வராயன் மலையில் எங்கள் விற்பனை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. வரைந்தவனே போய்ப் பார்த்து வரட்டும் என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

8:30. ஏற்காடு. டீ பன்னிரண்டு ரூபாய், சூடு மட்டும் நன்றாக இருந்தது. நாகலூர் பஸ்ஸின் கண்டக்டர் பையிலிருந்து நாலைந்து கத்தரித்த கவர்களை எடுத்துக்கொண்டு ஒரு மளிகைக் கடைக்குள் நுழைவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். எல்லாம் எங்கள் பழைய மஞ்சள் கவர்கள். எஸ்டேட் பெண்களுக்கு வேலை நாளில் டவுனுக்கு வர நேரமில்லை. பொடி தீர்ந்ததும் கவரின் முன்பக்கத்தைக் கத்தரித்துக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறார்கள். கவரில் இருப்பது போலவே பாக்கெட் வந்தால்தான் வாங்குவார்கள்.

கடைக்காரர் அதே மஞ்சள் பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் அந்தக் கவரை அச்சடிப்பதையே நிறுத்திவிட்டோம். இப்போது அதை அடிப்பது கள்ளச் சரக்குக்காரன் மட்டும்தான். கண்டக்டரிடம் இதைச் சொன்னேன்.

“கவரு ஒண்ணாத்தானுங்க இருக்குது. மாத்திக் கொண்டு போனா என்னையத்தானுங்க திட்டுவாங்க” என்றார். பத்து ரூபாய் கொடுத்து நானும் ஒரு மஞ்சள் பாக்கெட் வாங்கிக்கொண்டேன்.

10:05. நாகலூர். சரோஜா என்பவரின் மளிகைக் கடைக்குப் போனேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் பச்சை பாக்கெட்டை இந்தப் பக்கம் இன்னமும் வாங்கி வைப்பவர் அவர் ஒருவர்தான். கள்ளச் சரக்கைப் பாதி விலைக்குத் தருவதாக வேனில் வந்தவனை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்குக் கிடைத்த பலன், பழகாத பச்சைக் கவரைப் பார்த்துவிட்டு, சரோஜா கடையில் டூப்ளிகேட் என்று ஊரெல்லாம் பேச்சு. பொடியில் தொடங்கிய சந்தேகம் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பரவிவிட்டது. பெண்கள் கடையைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறார்களாம்.

“பன்னண்டு வருசமா கடை வச்சிருக்கறனுங்க. எம் பேரு போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதானுங்க” என்றார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரே மாதிரி கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு சட்டியில் வைப்போம், ஒன்றில் மஞ்சள் பாக்கெட் பொடி, ஒன்றில் பச்சை பாக்கெட் பொடி. எது எதென்று சொல்லாமல் கொடுத்தால் நாக்கே தீர்ப்புச் சொல்லிவிடும் என்றேன். சரோஜா சிறிது தயங்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்.

4:30. எஸ்டேட் வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். வற்புறுத்தியதில் ஐந்து பேர் நின்றார்கள். சோற்றில் ஊற்றிக் கொடுத்தோம். மாவும் சாயமும் கலந்த கள்ளப் பொடிக் குழம்பையே ஐந்து பேரும் அசல் என்று காட்டினார்கள். ஒன்றரை வருடமாக அதைத்தானே சாப்பிடுகிறார்கள்.

“இதுதானுங்க நாங்க எப்பவும் வெக்கறது. அந்தச் சட்டியில நெறமே இல்லீங்க” என்றார் அவர்களில் மூத்தவரான செல்லம்மாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கம்பெனி ஆள், மஞ்சள் பாக்கெட்தான் போலி என்று சொல்லி அடையாள அட்டையை நீட்டினேன். செல்லம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க. கவரையே அடிக்கறாங்க, இந்த அட்டைய அடிக்க மாட்டாங்களா?”

அவர் குரலில் கேலி துளியும் இல்லை. கைகழுவிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். சரோஜாவுக்கு உதவ வந்தவன், ஐந்து சாட்சிகளை வைத்து அவர் மேல் பழியை உறுதிப்படுத்தியிருந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அலமாரியில் இருந்த பச்சை பாக்கெட்டுகளை எல்லாம் பெட்டியில் அடுக்கி என் முன்னால் வைத்தார். இனி மஞ்சள் பாக்கெட்டை விற்பீர்களா என்று கேட்டேன்.

“அது பொய்ச் சரக்குங்க, விக்க மாட்டேன். உங்க பொடிய வித்தா என்னையப் பொய்யிங்கறாங்க. இனிக் கேட்டா, கொழம்புப் பொடி இல்லைன்னு சொல்லிக்கறனுங்க. அதுல பொய் இல்லீங்களே.”

5:40. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஈரோட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி ஏழெட்டு மளிகைக் கடைகள். ஒன்றில் சந்தேகம் வந்தால் அடுத்ததற்குப் போய்விடுவோம், எந்தக் கடைக்காரர் பெயரும் எனக்குத் தெரியாது. இங்கே சரோஜாவுக்கு இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். இரண்டு முறை வந்தும் கள்ளச் சரக்குக்காரனால் அவர் கடைக்குள் நுழைய முடியவில்லை. எங்கள் பொடியை அங்கிருந்து வெளியேற்றியது நான் வரைந்த கவர்தான்.