இம்மியும் பிசகாத தபால் வண்டி

முத்திரைக்காரர் என்று அவரை ஊர் அழைத்ததற்குக் காரணம் அவருடைய உத்தியோகம். எடைக்கல்லையும் அளவுகோலையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் கடைத்தெருவுக்குள் காலை வைத்தால் தராசுகள் தாமாகவே நேராகிக்கொள்ளும் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு சோதிப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. சமையலறைக் கரண்டிகளை எடுத்து அளந்தார். ஒரே கடையில் வாங்கிய இரண்டு கரண்டிகள் ஒரே அளவில் இல்லை என்று கண்டுபிடித்து, அதை மனைவியிடம் சொல்லவும் செய்தார். அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளையிலேருந்து நீங்களே அளந்து, நீங்களே ஆக்கி, நீங்களே சாப்பிடுங்க."

அதன் பிறகுதான் அவர் காகிதத்துக்கு வந்து சேர்ந்தார்.

பழைய குதிரை வண்டிகளைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், முழுக்க முழுக்கக் காகிதத்திலேயே செய்வது. மரம் கூடாது, கம்பி கூடாது. கல்யாண அழைப்பிதழ் அட்டை பக்கப் பலகையாகும். செருப்புப் பெட்டி அடித்தளமாகும். நாட்காட்டித் தாளை ஊசிமேல் சுருட்டிப் பசை தடவினால் ஆரக்கால். பால் வண்டி, பார வண்டி, தீயணைப்பு வண்டி என்று வீட்டில் ஒவ்வொரு அலமாரியாகப் பிடித்துக்கொண்டே போனார். பிண வண்டியைப் படுக்கையறையில் வைத்தபோது மட்டும் மனைவி, "இது யாருக்கு, எனக்கா உங்களுக்கா?" என்று கேட்டாள். அது கூடத்துக்கு இடம் மாறியது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"எல்லாம் சரி, குதிரை எங்க?"

"குதிரை செய்ய மாட்டேன். அதுக்கு அளவு நிலையா நிக்காது. தின்னா ஒரு சுற்றளவு, தின்னாட்டி ஒரு சுற்றளவு."

காகித வண்டி செய்வோர் ஊரில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேர் இருந்தால் ஒரு சங்கம் வேண்டும்; சங்கம் இருந்தால் ஒரு தலைவர் வேண்டும். தலைவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாழ்நாளெல்லாம் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருக்க, தான் மட்டும் பேசிப் பழகியவர். கூட்டத்திலும் அதே வழக்கம்தான்.

நகரக் காட்சியகத்தில் ஒரு தபால் வண்டி இருந்தது. நான்கு சக்கரம், முன்னால் உயரமான இருக்கை, பின்னால் பூட்டுப் போட்ட பெட்டி. முத்திரைக்காரர் ஒரு மழைநாளில் மனைவியையும் அழைத்துக்கொண்டு போய் அதை அளந்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அச்சையும் சக்கரக் குடத்தையும் அளப்பதிலேயே பொழுது போய்விட்டது. மூடும் மணி அடித்ததும் இடப்பக்கத்தை அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டார். மறுபடி போனால் வாசலில் பலகை தொங்கியது: கூரை பழுது, மறு அறிவிப்பு வரை திறக்கப்படாது.

ஆகவே வலப்பக்கம் அளவுநாடாவிலிருந்தும் இடப்பக்கம் படத்திலிருந்தும் பிறந்தது. இடப்பக்கப் படத்தில் ஒரு பாகம் அவரைப் படாதபாடு படுத்தியது. இருக்கையின் கைப்பிடிக் கம்பியிலிருந்து தொங்கும் ஒரு கருப்புக் கோல். தலை கொக்கிபோல் வளைந்து, நடுவில் சற்றுப் பருத்து, அடியில் கூர்ந்திருந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு சுற்று. வலப்பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் படத்தில் இருக்கிறதே! இருப்பதை இல்லை என்று சொல்ல அவர் என்ன கலப்பட வியாபாரியா? உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, பருமன் உட்பட அப்படியே காகிதத்தில் உருட்டினார். கழுத்துக்கு மட்டும் காகிதத்தை நூலாகத் திரித்துச் சிவப்பு மை தோய்த்தார்.

பல் டாக்டர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். "இது சரிவுக்கோல் சார். வண்டி இறக்கத்துல போறப்போ ஓட்டுறவன் இதை இழுத்துப் பிடிப்பான். நடுவுல ஈயம் ஊத்தியிருப்பாங்க, கனத்துக்கு. அதான் பருமன். சிவப்பு, தபால் துறையோட அடையாளம். நான் மூணு வண்டியில கண்ணால பாத்திருக்கேன்."

அடுத்த கூட்டத்துக்குள் மற்ற நால்வரின் வண்டிகளிலும் சரிவுக்கோல் முளைத்துவிட்டது. அதில் ஒன்று கைவண்டி.

கூரை வேலை முடிந்தது. திறப்பு விழாவன்று முத்திரைக்காரரின் வண்டியை அசல் வண்டிக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று காட்சியகப் பொறுப்பாளர் அம்மையார் எழுதிக் கேட்டார். அவர் வரைந்த வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்டியில் பொறிக்கப்போகும் வாசகத்தையும் அனுப்பினார்கள்: "மூலத்துக்கு இம்மியும் பிசகாதது." முத்திரைக்காரர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரார் கல்லுக்கெல்லாம் முத்திரை குத்தியவருக்கு, கடைசியில் ஊர் ஒரு முத்திரை குத்தப்போகிறது.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, கடைசியாக ஒரு முறை தூசி ஊத வேண்டும் என்று மனைவியை விளக்குப் பிடிக்கச் சொன்னார். அதுவரை அந்த அம்மாள் எந்தக் காகித வண்டியையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. இப்போது குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"ஏங்க, என் குடை எதுக்கு இங்க தொங்குது?"

"எது?"

"இதோ. நான் கழுத்துல சிவப்பு நூல் சுத்தி வச்சிருந்தேனே, தையல் கிளாஸ்ல மாறிப் போகக்கூடாதுன்னு. நீங்க வண்டிக்கு அடியில படுத்திருந்தப்போ இதுலதான் மாட்டினேன். வெளிய வந்தா மழை விட்டிருந்துச்சு. மறந்துட்டேன்."

முத்திரைக்காரர் உருப்பெருக்கியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பருத்த நடுப்பகுதியில், ஈயம் ஊற்றிய இடத்தில், துணி மடிப்புகள் தெரிந்தன. அவரே மடித்த மடிப்புகள்தான்.

"குடையைத் தொலைச்சவ, பொறுப்பில்லாதவன்னு எத்தனை நாள் என்னைக் கரிச்சுக் கொட்டினீங்க! தொலைஞ்ச குடையை வீட்டுக்குள்ளயே உக்காந்து செஞ்சிருக்கீங்களே."

அவர் பல் டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். டாக்டரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"சார், உங்க வீட்டம்மா குடையைத் தொங்கவிட்டிருக்கலாம். நான் மறுக்கல. ஆனா எதுல? சரிவுக்கோல் மேலதான் தொங்கவிட்டிருப்பாங்க. குடை அதை மறைச்சிருக்கு. அவ்வளவுதான்."

"டாக்டர், அது குடைதான். மடிப்பு தெரியுது."

"மூணு வண்டியில பாத்திருக்கேன்னு சொல்றேன். நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

முத்திரைக்காரர் போனை வைத்தார். சொல்லிவிட்டால் கண்ணாடிப் பெட்டி போகும், வாசகம் போகும், சங்கம் கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால், கள்ளக்கல் வைத்துப் பிழைத்தவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? குடையை வெட்டிவிட்டுக் காலையில் முதல் ஆளாகப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். கத்தரிக்கோலையும் எடுத்தார். கை வரவில்லை. காட்சியகத்திலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் மனைவியும் கூட வந்தாள். "என் குடைக்கு நான்தானே சாட்சி" என்றாள்.

காட்சியகத்தில் பெயின்ட் வாசனை அடித்தது. பொறுப்பாளர் அம்மையார் ஓடி வந்து வண்டிப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். முத்திரைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த இடப்பக்கத்துல இருக்கிறது..."

"தெரியும் சார். எங்க தப்புதான். நீங்க சொல்றதுக்கு முந்தியே சரிபண்ணிட்டோம்" என்று அவர் முகம் மலர்ந்தார். "உங்க வரைபடத்தைப் பாத்தப்புறம்தான் எங்க வண்டியில அந்தப் பாகமே காணோம்னு தெரிஞ்சுது. கூரை வேலைக்கு வந்தவங்க யாரோ கழட்டிட்டுப் போயிருக்கணும். வாங்க, பாருங்க."

அசல் தபால் வண்டியின் இடப்பக்கத்தில், கைப்பிடிக் கம்பியில் துளை போட்டு, மரையாணி முடுக்கி, பளபளவென்று தொங்கியது ஓர் இரும்புக்கோல். தலை வளைந்து, நடுவில் பருத்து, அடியில் கூர்ந்து. கொல்லர் மடிப்புகளைக்கூட விடவில்லை. கழுத்தில் சிவப்புப் பெயின்ட்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது இவ குடை" என்றார் முத்திரைக்காரர். "நான் படத்தைப் பாத்து ஏமாந்துட்டேன். வண்டியில அப்படி ஒரு பாகமே கிடையாது."

பொறுப்பாளர் அம்மையாரின் முகத்தில் மலர்ந்த சிரிப்பு அப்படியே நின்றது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாடா கட்டியாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. பல் டாக்டர் சரிவுக்கோலைப் பற்றிப் பேசுவதற்கு எழுதி எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"சார், துளை போட்டாச்சு" என்றார் அம்மையார் மெதுவாக. "கழட்டினா ஓட்டை தெரியும். ஓட்டை எதுக்குன்னு கேப்பாங்க. அதுக்கும் ஒரு பதில் வேணும். இப்போதைக்கு வண்டியில இந்தப் பாகம் இருக்கு. கண்ணால பாக்கறீங்களே."

"இருக்கு" என்று முத்திரைக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப உங்க காகித வண்டியிலேருந்து அதை வெட்டிட்டா, அது அசலுக்கு மாறா ஆயிடாதா?"

வாழ்நாள் முழுவதும் முத்திரைக்காரர் நம்பிவந்த சட்டம் அது ஒன்றுதான்: எதிரில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சட்டைப்பையில் கைவிட்டார். கத்தரிக்கோலோடு அளவுநாடாவும் கையில் பட்டது. கை அளவுநாடாவைத்தான் எடுத்தது. இரும்புக்கோலின் மேலே ஒரு நுனி, கீழே ஒரு நுனி. மனத்துக்குள் பன்னிரண்டால் வகுத்தார். மறுபடி ஒரு முறை அளந்தார்.

"என்ன சார்?"

"கொல்லர் நீளமா அடிச்சிருக்காரு. என்னுது ரெண்டு மில்லி குட்டை."

"ரெண்டு மில்லிதானே, யாருக்குத் தெரியும்?"

ஒரு குடையை இரும்பில் அடித்து மாட்டியதைப் பொறுத்துக்கொண்ட மனிதர், இதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. வண்டிப் பெட்டியை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார். விழா அவர் இல்லாமலே நடந்தது. "இம்மியும் பிசகாதது" என்ற வாசகத்தோடு காலிக் கண்ணாடிப் பெட்டியைச் சிறப்பு விருந்தினர் பார்வையிட்டார். பல் டாக்டர் பேசினார், நிறையப் பேசினார்.

வீட்டில் முத்திரைக்காரர் மேசையில் குனிந்து, நாட்காட்டித் தாளை ஊசிமேல் சுருட்டிக்கொண்டிருந்தார். மனைவி கேட்காமலே விளக்கைப் பிடித்தாள்.

"அப்ப என் குடை?"

"எந்தக் குடை? அங்க இருக்கிறது இரும்புக்கோல். நீயும்தானே பாத்தே."

"அதாவது, நான் குடையைத் தொலைச்சவதான்."

அவர் இன்னும் குனிந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மில்லியை ஒட்டவைத்தார். மனைவி விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனாள்.

"நல்லா அழுத்தி ஒட்டுங்க. நாளைக்கு வேற எவளாவது வந்து தன் குடைன்னு சொல்லிடப் போறா."