கூரை வரை ஏற்றிய சுவர்

கோலார் தங்கச் சுரங்கப் பகுதியான கோரமண்டலில் நான் வாங்கிய வீடு, பத்து வீட்டு லைனின் கோடி வீடு. சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டியது. பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஷீட்டுக் கூரை. வீட்டுக்கு வீடு நடுவில் சுவர் உண்டு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை வெறும் இடைவெளி. பக்கத்து வீட்டு ரசம் என் வீட்டில் மணக்கும். என் அலாரத்துக்குப் பக்கத்து வீடு விழித்துக்கொள்ளும்.

அந்தப் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பென்ஷன்காரர், மகள் வெளியூரில், என்னைப் போலவே வீட்டில் தனி ஆள். வாங்குவதற்கு முன் பல வருஷம் நான் அதே வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம். பெங்களூரு ரயிலுக்காக விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவள் நான். பூட்டைத் திறந்ததும் சுவருக்கு மேலிருந்து கேட்பார்.

"இன்னாம்மா, வண்டி லேட்டா?"

"ஆமாக்கா."

"சாப்ட்டியா?"

"இனிமேதான்."

அவ்வளவுதான் பேச்சு. சில நாள் எரிச்சல் வரும். செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டாரா என்று முணுமுணுப்பேன், அதையும் மெதுவாகத்தான்.

வீட்டுக்காரர் விற்கப்போவதாகச் சொன்னதும் பேங்க்கில் லோன் கேட்டேன். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் லோன் என்றார்கள். பத்திரம் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன், கூரையை மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. கோலாரிலிருந்து இன்ஷூரன்ஸ்காரர் வந்து முதலில் அதைத்தான் பார்த்தார்.

"கூரை யாருது மேடம்?"

"எல்லாருதும்தான்."

"அப்டி எழுத முடியாது. பத்திரத்துல ஒங்க வூடு தனி. மேல பாத்தா பத்தும் ஒண்ணா கீது. அந்தக் கோடியில தீப்புடிச்சா இங்க வரிக்கும் வரும். சொவத்த ஷீட்டு வரிக்கும் ஏத்துங்க, பாலிசி தர்றேன்."

அன்று இரவு சுவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். "கட்டிக்கோம்மா. பேங்க்குல கேட்டா நீ இன்னா பண்ணுவ" என்றார் அக்கா.

மேஸ்திரி ஒரே நாளில் முடித்துவிட்டார். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. சொந்த வீடு, சொந்தச் சுவர், இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியிருக்கும். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே வந்தாலே வீடு அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன். அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன், துணி துவைப்பேன், தூங்கிவிடுவேன். கோடி வீடு என்பதால் என் வாசலை விட்டால் நேரே ரோடு. அவர் வாசலைத் தாண்டிப் போகிற வேலையே எனக்கு இல்லை.

பாலிசியைப் புதுப்பிக்கும் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஒட்டிய வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா? ஆம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே இன்ஷூரன்ஸ்காரர் போட்டோ எடுக்க வந்தார். வெளியே ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பினார்.

"பக்கத்து வூடு பூட்டிக்கினு கீதே மேடம். காலி வூடுன்னா வேற மாதிரி எழுதணும். எப்பத்திலேர்ந்து காலின்னு சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன். அங்கிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ரெண்டு மாசமாவுது. அக்கா பொண்ணு கார் எடுத்துக்கினு வந்து கூட்டிக்கினு போச்சி. வண்டி நிக்குது, இந்தம்மா உள்ளயே நின்னுக்கினு சொவத்தத் தட்டித் தட்டி ஒங்களக் கூப்டுது. நீங்க வேலைக்குப் போயிட்டீங்கன்னு சொல்லி நான்தான் இட்டாந்து ஏத்தி வுட்டேன்."

"அன்னிக்கு இன்னா கிழமை?"

"ஞாயித்துக்கெழம. சர்ச்சுக்குப் போய் வந்து சமைச்சிக்கினு இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கும் போவதில்லை.