சலித்துக் குவித்த மண்

திட்டுவதற்கு நமக்கு மண்ணை விட்டால் வேறு கதியில்லை. புத்தியில்லாதவன் தலைக்குள் மண், தோற்றவன் கவ்வுவது மண், ஏமாற்றுகிறவன் கண்ணில் தூவுவது மண், பிழைப்பைக் கெடுக்கிறவன் வாயில் போடுவது மண். உதவாத பேச்செல்லாம் மண்ணாங்கட்டி. கீழ்வீட்டு அக்காவின் எதிரில் மட்டும் இப்படிப் பேச முடியாது. "மண்ணை ஏன் இழுக்கிறே? அது உனக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிடுவாள்.

அக்காவுக்கு நாற்று விற்கிற பிழைப்பு. புருஷன் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அதே வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அண்ணன் அவளுக்குப் பின்பக்க அறை ஒன்றையும், அதையொட்டிய காலி இடத்தையும் கொடுத்தார். நீ இருக்கிற வரைக்கும் இது உன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் பெரிய மனதாகச் சொன்னார். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் உடைசலும் சிமெண்டுக் கட்டியும் கொட்டிக் கிடந்த இடம் அது. புல்கூட முளைக்க யோசிக்கும்.

அதைத்தான் அக்கா மண்ணாக்கினாள். கல்லைப் பொறுக்கினாள். டீக்கடைச் சக்கை, பள்ளிக்கூடத்தில் கூட்டிய சருகு, எங்கள் வீடுகளின் காய்கறித் தோல் எல்லாம் வாளி வாளியாக வந்தன. பரப்பி, புரட்டி, ஈரச் சாக்கால் மூடி, வருஷக்கணக்கில் பொறுத்திருந்தாள். என் வீட்டு வாழைப்பழத் தோலும் அந்த மண்ணில் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கும் உரிமை உண்டு.

கடைசியில் அது கறுத்து, பொலபொலவென்று ஆனது. வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு பிடி வைத்து மூடச் சொல்வாள். திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் பட்டால் உதிர வேண்டும். அதுதான் அவள் கணக்கில் நல்ல மண். அண்ணன் அவளுக்கு மண்புழு என்றே பெயர் வைத்திருந்தார். எப்போது பார்த்தாலும் குப்பையைக் கிளறுகிறாள் என்று சாப்பாட்டு மேஜையில் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒருமுறை அண்ணனைப் பார்க்க வந்த ஒருவர், பெரிய கட்டடங்களுக்குத் தோட்டம் போட்டுத் தருகிறவர், அந்த மண்ணை இரண்டு தடவை முகர்ந்து பார்த்தார். மனுஷனுக்கு ஜலதோஷம் என்று நினைத்தேன்.

மழைக்காலத்துக்கு முன்னால், பின்பக்கம் வடிகால் குழாய் பதிக்க வேண்டும் என்றார் அண்ணன். உடைசலோடு கலந்து வீணாகிவிடாமல் மண்ணை நன்றாகச் சலித்து, வாசலருகே தார்ப்பாய் மேல் குவித்து வைக்கச் சொன்னார். அக்கா நெகிழ்ந்து போனாள். அண்ணனுக்கும் மண்மேல் அக்கறை வந்துவிட்டதாம். இடுப்பு ஒடியச் சலித்தாள். நாற்றுத் தட்டுகளை என் கதவருகே ஏற்றி வைத்தாள். வேலை முடிந்ததும் அண்ணனே பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, வெளியூரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் லாரி வந்து, குவித்த மண்ணை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. குழாயும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

அக்கா ஊரிலிருந்து வந்து, தோளில் மாட்டிய பையோடு பின்பக்கத்தில் மண் எடுத்த பள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இடம் எங்கேயும் போயிடல. வெறும் மண்ணுதானே, மறுபடியும் சேர்த்துக்கோ" என்றார்.

அவளே லாரிக்கு ஏற்றத் தோதாகச் சலித்து, குவித்துக் கொடுத்திருக்கிறாள். கூலி மிச்சம் அவருக்கு. நாலு கேள்வி கேட்கலாம் என்று படியிறங்கிய என்னை அக்கா தடுத்துவிட்டாள். "அது எப்படிப்பட்ட மண்ணுன்னு அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டாரு" என்றாள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதை வைத்துக்கொண்டுதான் அந்த மேஜையில் உட்கார்ந்து அவளால் சாப்பிட முடிந்தது. பழையபடி வாளியைத் தூக்கிக்கொண்டு தோல் சேகரிக்கவும் கிளம்பினாள்.

மழை விட்ட பிறகு எனக்குப் பல்வலி. துணைக்கு அக்கா வந்தாள். மெயின் ரோட்டுப் பல் ஆஸ்பத்திரியின் முன்னால் புதிதாகப் புல்தரை போட்டிருந்தார்கள். புல்லுக்கு நடுவே தக்காளிக் கன்றுகள். ஊதாத் தண்டு மிளகாயும் எட்டிப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் அக்காவிடம் மட்டுமே இருந்த ரகம் அது. அக்கா நடையை நிறுத்திவிட்டாள்.

தோட்டக்காரர் அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு பிடுங்கினாலும் வருகிறது என்று அலுத்துக்கொண்டார். நல்ல மண் போலிருக்கிறதே என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

அவருக்கு முகம் மலர்ந்தது. "சாதாரண மண்ணு இல்லம்மா. வித்தவரே லாரியோட வந்திருந்தாரு. என் தங்கச்சி வருஷக்கணக்கா கையாலயே பக்குவம் பண்ணின மண்ணு, எங்க தேடினாலும் கிடைக்காதுன்னாரு. ஒரு பிடி எடுத்து மூடித் திறந்து காட்டினாரு. உருண்டையா நிக்கணும், விரல் பட்டா உதிரணுமாம்."

அக்கா என்னோடு உள்ளே வந்து, என் முறை வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு."

அன்று முதல் அக்கா தன் அறையில் தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில், வழக்கம்போல் சேர்த்து வைத்திருந்த தோலையெல்லாம் வாளியோடு கீழே எடுத்துப் போனேன். அவள் கைநீட்டி வாங்கவில்லை.

"இனிமே குப்பையிலேயே கொட்டிடும்மா" என்றாள்.