கடிபட்ட கை

எனக்கு நாய் என்றால் பயம். கல்யாணமாகி நான் வந்த வீட்டில் எனக்கு முன்னமே ஒரு நாய் உரிமையோடு படுத்திருந்தது. வெள்ளைக்காரர் கடற்படைத்தளத்தைக் காலிசெய்தபோது விட்டுப்போன பெட்டை நாயொன்றின் குட்டி அது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும். அது வெள்ளைக்காரன் பங்கு. மற்றது தொங்கும், அது நம்மவர் பங்கு.

கணவருக்குத் துறைமுகத்துப் படகொன்றில் வேலை. முன்பு அவர் வளர்த்த நாயை ஆட்டுக் கள்ளர் இறைச்சியில் நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டார்களாம். அதனால் இதைத் தன் முறைப்படி பழக்கினார். என்ன முறை என்று நான் கேட்டதில்லை. அவர் நாய்க்குச் சோறு வைக்கும்போது நான் சமையலை விட்டுவிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். இடுக்கால் பார்த்தால் அவருடைய முதுகும் நாயின் வாலும்தான் தெரியும். பிறகு விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியபடி வருவார். "நாயோடை சேந்து திண்டனியோ?" என்று மாமி ஏசுவார்.

ஒருமுறை படகைப் பழுதுபார்க்கக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அவரும் நாய்க்குச் சோறு வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றே அன்புவழிபுரத்துப் பக்கம் விசர்நாய் ஒன்று திரிகிறது, கன்றுக்குட்டியைக் கடித்துவிட்டது என்று கதை வந்தது. மறுநாள் காலை விறகு அள்ளக் குனிந்தேன். நாய் விறகுக்குப் பின்னால் படுத்திருந்ததை நான் காணவில்லை. கட்டையொன்று உருண்டு அதன் காலில் விழுந்தது. விழுந்த வேகத்தில் நாய் என் வலக்கையைக் கவ்விவிட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணி சுற்றினார்.

"நாயைக் கொல்லாதேங்கோ. கட்டி வைச்சுப் பாருங்கோ. பத்து நாள் ஒழுங்காத் திண்டு குடிச்சு இருந்தா ஒண்டுமில்லை. திங்காமல் விட்டாலோ, வாயாலை வடிஞ்சாலோ உடனை ஓடி வரோணும். தொப்புளைச் சுத்தி ஊசி."

"ஊசி போட்டாத் தப்புவனோ ஐயா?"

"நேரத்தோடை வந்தால்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நாயின் கழுத்தில் கிடந்த நீளச் சங்கிலியின் நுனியைத் தூர நின்று பிடித்து வேம்பில் கட்டினோம். அதற்குமேல் கிட்டப் போக யாருக்குத் துணிவு? பக்கத்து வீட்டு அண்ணை துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து, சோற்றுச் சட்டியையும் தண்ணீர்ச் சட்டியையும் அதனாலேயே தள்ளிவிட்டார். நாய் தொடவில்லை. மத்தியானம் சூடை மீன் குழம்பு ஊற்றித் தள்ளினார். தொடவில்லை. மறுநாள் விடியவும் சோறு கிடந்தபடி கிடந்தது, தண்ணீரும் குறையவில்லை. வாயோரம் நூல் நூலாக வடிந்தது.

விசர் பிடித்தால் தண்ணீரைக் கண்டு பயம் வருமாம். அடிக்கடி செம்பை எடுத்து எனக்குப் பயம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. வராமல் இருக்குமா? அன்று சுவரைப் பார்த்தாலும் எனக்குப் பயம் வந்தது. நான் இருமினால் மாமி கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"என்ன மாமி, தள்ளிப் போறியள்?"

"இல்லைப் பிள்ளை, வெயில் படுது."

அவர் இருந்தது வீட்டுக்குள்.

அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பாத்தியே பிள்ளை, வாயாலை வடியுது. விசரேதான். நான் அலவாங்கைக் கொண்டுவாறன்."

"கொல்லாதை எண்டெல்லோ டொக்டர் சொன்னவர்!" என்று மாமி கத்தினார்.

"அது உங்கடை மருமேளைக் கொல்லுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கப் போறியளோ?"

அவர் நிலம் கிண்டும் அந்த இரும்பை எடுக்கப் போனார். மாமி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சேலை மாற்ற உள்ளே போனார். நான் குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் முதல்முறையாக நாயின் முகத்தை நேராகப் பார்த்தேன். அது சட்டியைப் பார்க்கும். பிறகு என் கையைப் பார்க்கும். திரும்பச் சட்டியைப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் எச்சில் இன்னும் கொஞ்சம் வடியும். பசித்த பிள்ளை வாயூறுவது போல.

கணவரின் விரலில் ஒட்டியிருந்த பருக்கை ஞாபகம் வந்தது. நஞ்சுக்குப் பயந்து, வீட்டார் கை வைத்த சோற்றை மட்டும் தின்ன இதைப் பழக்கியிருப்பாரோ? நாங்கள் வைத்ததெல்லாம் துடுப்பு!

நினைப்பது சுலபம். கால் நகரவேண்டுமே. அது விசர்தான் என்றால்? ஒன்று மட்டும் யோசித்தேன்: நல்ல கையை ஏன் வீணாக்க வேண்டும்? கடித்த கையையே திரும்பக் கடித்தால் அதே ஊசிதானே. துணி சுற்றிய வலக்கையை நீட்டிக்கொண்டு நடந்தேன்.

மாமி சேலையைப் பாதி சுற்றியபடி வந்தார். "எடியே, எங்கை போறாய்?"

"கை கழுவ, மாமி."

கண்ணை மூடிக்கொண்டு சோற்றில் விரல்களை விட்டேன். சங்கிலி கிலுங்கியது. சூடான மூச்சு முதலில் மணிக்கட்டில் பட்டது. பிறகு நாக்கு. பிறகு சட்டி நிலத்தில் உரசும் சத்தம். கண்ணைத் திறந்தால் அது என் விரல்களுக்கு இடையால் தின்றுகொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டியிலும் கையை விட்டேன். சட்டி வறண்டது.

அண்ணை அலவாங்கோடு வந்து நின்றார்.

"அதை வைச்சிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டுவாங்கோ, அண்ணை" என்றேன்.

மிச்ச நாளெல்லாம் ஒவ்வொரு வேளையும் நான்தான் கை வைத்தேன். ஒருவேளைகூடக் கண்ணைத் திறந்து வைத்ததில்லை. பயம் குறையும் என்று சொல்வார்கள். குறையவில்லை.

தவணை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் துணியை அவிழ்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது, மீன் குழம்பு மணக்குது? நாய் திங்குதோ?"

"அது வடிவாத் திங்குது ஐயா. நான்தான் இன்னும் திங்கேல்லை."

ஊசி தேவையில்லை என்றார். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை தொப்புளைப் பொத்திய கையை நான் எடுக்கவில்லை. டொக்டர் மனம் மாறிப் பின்னால் ஓடிவந்தால்?